முறுக்கும் ரயிலும் ஒரே வரிசையில்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் இருக்கிறது, இன்னும் பேச்சு வரவில்லை. அவனுக்கு எது பிடிக்கும் என்று சிகிச்சையாளர் போன வாரம் சோதித்துப் பார்த்தார். முறுக்குத் துண்டு, சிப்ஸ், திராட்சை, பொம்மை ரயில், பம்பரம், சோப்புக் குமிழி எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். முறுக்கை எடுத்தான், அப்புறம் சிப்ஸ், அப்புறம் திராட்சை. பொம்மைகளைத் தொடாமலே எழுந்து போய்விட்டான். “இவனுக்குச் சாப்பாட்டில்தான் ஆர்வம். இனி முறுக்கு கொடுத்தே பழக்கலாம்” என்கிறார். வீட்டிலோ ரயிலைக் கையிலிருந்து கீழே வைக்க மாட்டான். எல்ஆர்டி ரயிலில் ஏறினால் முன்கண்ணாடியை விட்டு நகர மாட்டான். சாப்பிட வைத்துவிட்டு அழைத்துப் போனால் ரயிலை எடுப்பானா?
- ஓர் அம்மா, செங்காங்

பதில்: தங்கச்சி, உங்கள் மகனுக்கு ரயில் பிடிக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். முறுக்கையும் ரயிலையும் ஒரே வரிசையில் வைத்ததுதான் சிக்கல்.

1997இல் டிலியோன், இவாட்டா, ராஸ்கோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதையே ஆராய்ந்தார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள 14 பேருக்கு உணவைத் தனியாகவும், விளையாட்டுப் பொருள்களைத் தனியாகவும், இரண்டையும் கலந்தும் வைத்துப் பார்த்தார்கள். கலந்து வைத்தபோது 12 பேர் உணவின் பக்கமே சாய்ந்தார்கள். தனியாக வைத்தபோது முதலிடம் பிடித்த பொம்மைகூடப் பின்னுக்குப் போனது. அப்படிப் பின்னுக்குப் போன பொருளைப் பரிசாக வைத்து இருவரிடம் சோதித்தார்கள். அதற்காக அவர்கள் வேலை செய்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வும் பிறகு வந்தது. சாப்பிட்ட பிறகும் உணவே முந்தியது. அதனால் வயிற்றை நிரப்பி அழைத்துப் போவதை நம்பாதீர்கள்.

என் கதையையும் சொல்கிறேன். ஆரம்பக் காலத்தில் நானும் ஒரு பையனுக்கு இப்படித்தான் கலந்து வைத்தேன். பிஸ்கட்டை மட்டுமே எடுத்தான். “விளையாட்டில் நாட்டமில்லை” என்று கோப்பில் எழுதிவிட்டேன். ஒரு நாள் பிஸ்கட் டப்பா காலியான பிறகு, அதன் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது படபடத்து அடங்கும் வரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அடங்கியதும் மூடியை எடுத்து என் கையில் கொடுத்தான், மறுபடி சுற்றச் சொல்லி. யாரிடமும் எதுவும் கேட்காத பிள்ளை அவன். நான் எழுதிய அந்த ஒரு வரியால் எத்தனை மாதம் வீணானது என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சரி, அடுத்த முறை சிகிச்சையாளரிடம் இரண்டு பட்டியல் கேளுங்கள்: உணவுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. இரண்டிரண்டாகக் காட்டி எடுக்கச் சொல்லும் முறை நல்லது. 6 பொருள் என்றால் 15 ஜோடி வரும். இடமும் வலமும் மாற்றி வைக்க வேண்டும், சில பிள்ளைகள் எப்போதும் வலக்கைப் பக்கம் இருப்பதையே எடுப்பார்கள். பொம்மையை எடுத்தால் அரை நிமிடமாவது விளையாட விட வேண்டும். உடனே பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும். பிடுங்கினாலே அழும் பிள்ளை என்றால், எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, 5 நிமிடம் எதனோடு எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று குறித்தாலே போதும்.

பிடித்த பொருள் எல்லாமே பரிசாக வேலை செய்துவிடாது. படம் பொருத்தும் வேலையை முடித்தால் ரயில் என்று வைத்துப் பாருங்கள், பொருத்துவது கூடுகிறதா என்று எண்ணுங்கள். கூடினால் முறுக்கை எல்லா வேலைக்கும் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு ரயில்தான் பிடிக்கும், தங்கச்சி: முறுக்கு மென்று விழுங்கியதும் தீர்ந்துவிடும், ரயிலை உங்களிடம் நீட்டுவான், நீங்கள் திருப்பி ஓட்டுவீர்கள். சிகிச்சை நாளில் மட்டும் ரயிலைக் காலையிலிருந்து எடுத்து வையுங்கள். நாள் முழுக்கக் கையிலிருந்தால் அதற்காக ஏன் உழைப்பான்?

இன்னொன்று. அன்று மேசையில் இருந்தது அவனுடைய ரயிலா, அங்கே இருந்த வேறு ரயிலா? நீங்கள் எழுதவில்லை. வேறு என்றால், அடுத்த முறை வீட்டு ரயிலையே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.