குஸ்கோவில் இறங்கியதும் கீழே போங்கள்

கேள்வி: ஜூன் மாதம் நானும் கணவரும் மகனுடன் 12 நாள் பெரு நாட்டுக்குப் போகிறோம். எனக்கு 56 வயது, அவருக்கு 63. அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. லிமாவில் ஒரு நாள், மறுநாள் விமானத்தில் குஸ்கோ, அதற்கடுத்த நாள் வானவில் மலை, பிறகு மச்சு பிச்சு, டிட்டிகாக்கா ஏரி, கடைசியில் அமேசான் காடு என்று மகன் திட்டம் போட்டிருக்கிறான். உயரம் ஒத்துக்கொள்ளுமா? என்ன மாத்திரை கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன் அம்மா. முதலில் மகனிடமிருந்து அந்தத் திட்டத்தை வாங்கி, வரிசையை மாற்றுங்கள்.

லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் குஸ்கோ, 3,400 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கு உடல் பழகுமுன்பே, மறுநாள் 5,000 மீட்டருக்கு மேலுள்ள வானவில் மலைக்கு ஏறச் சொல்கிறது உங்கள் திட்டம். முப்பது வயதுக்காரருக்கே நான் இதற்குச் சம்மதிக்கமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவற்றைச் செய்தேன். குஸ்கோ போய்ச் சேர்ந்த அன்று மாலையே சான் பிளாஸ் பகுதியின் கல் படிகளில் ஏறினேன். இருபது படிக்கு ஒருமுறை நின்று, படம் எடுப்பதுபோல் கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன். உண்மையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். முதுகில் மூட்டையோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போய்விட்டார். அன்றிரவு தலைவலியில் தூக்கமே இல்லை. அவ்வூர்க்காரர்கள் இதைச் ‘சொரோச்சே’ என்கிறார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: மச்சு பிச்சு குஸ்கோவைவிடத் தாழ்வானது, 2,430 மீட்டர்தான். குஸ்கோவுக்கும் அதற்கும் நடுவே உள்ள உருபாம்பா, ஒயாந்தாய்தாம்போ ஊர்களும் 2,900 மீட்டருக்குள் அடங்கும். ஆகவே லிமாவிலிருந்து முதலில் அமேசான் பக்கம், புவேர்ட்டோ மால்டொனாடோ போய்விடுங்கள். அங்கிருந்து குஸ்கோவுக்கு விமானம் உண்டு. குஸ்கோவில் இறங்கியதும் ஊரைச் சுற்றாமல் நேரே காரில் உருபாம்பாவுக்கு இறங்கி, இரண்டு இரவு தங்குங்கள். பிறகு ரயிலில் மச்சு பிச்சு. குஸ்கோ நகரத்தைத் திரும்பி வரும்போது பாருங்கள். டிட்டிகாக்கா கரையிலுள்ள புனோ 3,800 மீட்டர். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தால் மட்டும் போகலாம். வானவில் மலையை மகன் தனியாகப் பார்த்துவிட்டு வரட்டும்.

இனி மாத்திரை. உயரத்துக்கு உடல் பழக உதவும் அசெட்டசோலமைடு 250 மி.கி. மாத்திரையில் பாதி, காலையும் இரவும். ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, மேலே போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாள்வரை. விரல் நுனி ஊசி குத்துவதுபோல் மரக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் கணவருக்கு இதை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதமாட்டேன். அவருடைய சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினும் இதுவும் இரண்டுமே சிறுநீரை அதிகம் போக்குபவை, இரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டக்கூடியவை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனையைப் பார்த்துவிட்டு, மலையில் இருக்கும் நாள்களுக்கு டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உண்டென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. உயரத்தில் முதல் சில நாள் அழுத்தம் சற்று ஏறவே செய்யும்.

எனக்கு அதிகம் கவலை தருவது கிளிமெபிரைடு. உயரத்தில் பசி மந்தமாகிவிடும். வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கினோவா சூப்பில் நாலு கரண்டி குடித்துவிட்டுப் படுத்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும். தலைவலி, படபடப்பு, சோர்வு எல்லாம் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் சொரோச்சே என்று நினைத்துக்கொண்டு ஓய்வெடுக்கச் சொல்வார்கள்! தலைவலி என்று அவர் சொன்னால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். ஜூன் மாத இரவுக் குளிரில் குளுக்கோமீட்டர் தப்பாகக் காட்டலாம். அதை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள்.

இரவில் அவர் மூச்சு சில விநாடி நின்று, பிறகு பெருமூச்சாய் வந்தால் பதற வேண்டாம். அந்த உயரத்தில் உறக்கத்தில் அது சகஜம். தூக்க மாத்திரையும் மதுவும் மட்டும் கூடாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கமுடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே உடனே கீழே இறக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். பெருவிலிருந்து திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள்; இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். அமேசானை விட்டுவிட்டாலும் இந்த விதி மாறாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். இது உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, முதல்முறை போடும்போது அரிதாகக் கடுமையான பின்விளைவு வருவதுண்டு. அதனால் கணவரின் முழு விவரத்தையும் அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். காட்டுக்குப் போவதால், வேறு தடை இல்லையென்றால் போட்டுக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

காட்டில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. லிமாவில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீனைச் செவிச்சே என்று தருவார்கள். உங்கள் வயிறு, உங்கள் முடிவு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

குஸ்கோ விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி சரி. ஒரு கோப்பை குடிக்கலாம், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. கடைகளில் அதையே அழகான பெட்டியில் போட்டு விற்பார்கள். சொந்தக்காரர்களுக்கு என்று நாலு பெட்டி வாங்கி வந்துவிடாதீர்கள்: இங்கே கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.