பதின்ம வயதில் தொற்றா நோய்: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

உப்புவெளி, தரம் 10 மாணவி: நான் ஒல்லி. எனக்குச் சலரோகம் வராதுதானே மிஸ்?

ஒல்லி என்பது பார்வைக்கு, தங்கச்சி. கை கால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்புச் சேருவது எங்கட ஆக்களிடம் சாதாரணம். தராசு அதைக் காட்டாது, நூல் காட்டும். உங்கள் உயரத்துக்கு நூல் வெட்டி இரண்டாக மடியுங்கள். மூச்சை விட்ட பிறகு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றுங்கள். முனைகள் தொடவில்லை என்றால் இடுப்பளவு உயரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. வயிற்றை எக்கினால் நூலும் பொய் சொல்லும். பிடரியில் வெல்வெட் போலத் தடித்த கறுப்பு இருக்கிறதா? தேய்த்தும் போகாவிட்டால் அது ஊத்தையில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

கிண்ணியா, ஒரு வாப்பா: மகன் குடிக்கும் சோடாவில் செம்மஞ்சள் வட்டம்தான் இருக்கு. பயமில்லையே?

அந்த வட்டம் 100 மில்லிலீற்றருக்கு. 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2க்குக் கீழ் பச்சை, இடையில் எல்லாம் செம்மஞ்சள். 3 கிராமும் செம்மஞ்சள், 10 கிராமும் செம்மஞ்சள். 10 கிராம் உள்ள 400 மில்லிப் போத்தலை முடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. பிளேன்ரீயில் எட்டுக் கரண்டி போட்டுக் கொடுத்தால் குடிப்பாரா? குடிக்கிற சீனி வயிற்றை நிரப்பாது. அதற்குப் பிறகும் கொத்துரொட்டிக்கு இடமிருக்கும்.

நிலாவெளி, மாணவன்: அம்மம்மாவின் சீனி பார்க்கிற மெஷினில் எனக்கு 160 காட்டினது!

கை கழுவினீர்களா? மாம்பழம் தின்ற விரலே அப்படிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பா மூடாமல் கிடந்தால் கடற்காற்று ஈரத்திலும் பிழைக்கும். அதைவிட முக்கியம், அம்மம்மா குத்திய ஊசியால் குத்தவே கூடாது, ஹெப்படைட்டிஸ் எனும் ஈரல் அழற்சி தொற்றலாம். காலையில் வெறும் வயிற்றில் ஆய்வுகூடத்தில் பாருங்கள். 126 mg/dL அல்லது அதற்கு மேலே வந்தால் டொக்டர், 100க்கும் 125க்கும் இடையில் வந்தாலும் டொக்டர்.

மூன்று பேர்: சீனிக்குப் பதில் பனங்கட்டி?

பனங்கட்டியிலும் பெரும்பகுதி சுக்குரோஸ், அதாவது சீனியில் இருக்கிற அதே பொருள். நிறம் வேறு, வேலை ஒன்று.

டச்பே, ஓர் அம்மா: இயற்கையானதைப் போய் இப்படிச் சொல்லலாமா? இரும்புச்சத்து இருக்கே!

இருக்கட்டும். ஒரு கடியில் கிடைக்கும் இரும்புக்காக அத்தனை சீனியா? முருங்கையிலைச் சுண்டல் செய்யுங்கள்.

அதே அம்மா: அப்ப தோடம்பழச் சாறும் கூடாதா?

மூன்று பழத்தின் சீனி கோப்பைக்குள், நார் குப்பைக்குள். முழுப் பழமாகத் தின்னட்டும். குடிக்கிற சீனி என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

மூதூர், 17 வயது: புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போடுறேன்.

பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். 2004இலேயே சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை அதைச் சொல்லிவிட்டது. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வையுங்கள். நுழையாவிட்டால் உடனே பல் வைத்தியரிடம் போங்கள்.

தம்பலகாமம்: மகளுக்குத் தாகம், இரவில் நாலு தடவை சலம், உடம்பும் இறங்குது.

இது இங்கே கேட்கிற விசயமில்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உள்துறைமுக வீதி: கித்துள் பாணி?

பனங்கட்டியின் தம்பி.