கோச் 2030 வரை இருப்பாரா? கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு, கூடைப்பந்தில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். 2027 ஆகஸ்டில் கல்லூரி சேர வேண்டும். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையோடு அழைக்கிறது. அங்கே தலைமைப் பயிற்சியாளருக்கு 65 வயது, 24 வருடமாக அதே கல்லூரியில் இருக்கிறார். மகள் அவரை நம்பித்தான் போகிறாள். ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது, கவலையில்லை என்கிறார் என் கணவர். இவர் எப்போது ஓய்வு பெறுவார், அல்லது வேறு கல்லூரிக்குப் போவார் என்று கணிக்க வழி உண்டா? நடுவில் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2027 ஆகஸ்டில் சேரும் பெண்ணின் நான்காவது சீசன் 2030-31. ஒப்பந்தம் 2030-ல் முடிந்தால், அதை அப்படியே நம்பினாலும் கடைசி வருடம் வெளியே நிற்கிறது. அதை அப்படியே நம்பவும் முடியாது என்பது அடுத்த விஷயம்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மகளிர் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர், 2021 ஏப்ரலில் ஐந்து வருட நீட்டிப்பு பெற்றார். 2021-22 சீசன் முழுவதும் விடுப்பில் இருந்தார். 2022 ஏப்ரல் 30 அன்று ஓய்வை அறிவித்துவிட்டார். காகிதத்தில் இன்னும் நான்கு வருடம் மிச்சம் இருந்தது. நீட்டிப்பு கொடுக்கப்படுவதே பெரும்பாலும் உங்களைப் போன்ற பெற்றோர்களுக்காகத்தான். "அந்தம்மா அடுத்த வருஷமே போயிடுவாங்க" என்று போட்டிக் கல்லூரிக்காரர்கள் மாணவிகளின் காதில் ஓதுவார்கள். அதற்குப் பதில் சொல்ல, ஒப்பந்தத்தில் எப்போதும் மூன்று நான்கு வருடம் மீதி இருப்பதாகக் காட்டியாக வேண்டும். கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியம்மாவுக்கு 2024-ல் கொடுத்த நீட்டிப்பு 2028-29 சீசன் வரை. அது முடியும்போது அவருக்கு 75 வயது ஆகியிருக்கும். அதுவரை இருப்பார் என்பதற்கோ இருக்க மாட்டார் என்பதற்கோ அந்தத் தேதி சாட்சி ஆகாது.

வயதும் உதவாது. அயோவாவின் லீசா புளூடர் 63 வயதில் விலகினார். நோட்ர டேமின் மஃபட் மெக்ரா 64. ஸ்டான்ஃபர்டின் டாரா வான்டர்வீர் 70. டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரியின் கேரி பிளேர் 76. ஆரியம்மா 71 வயதில், 2025-ல் தன் பன்னிரண்டாவது தேசியப் பட்டத்தை வென்றார். 63-க்கும் 76-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்றால் அதைக் கணிப்பு என்று சொல்ல முடியுமா?

ஓரளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியது வருடத்தை அல்ல, மாதத்தை. டென்னசியின் பாட் சம்மிட் விலகியது 2012 ஏப்ரல் 18. மெக்ரா 2020 ஏப்ரல் 22. வான்டர்வீர் 2024 ஏப்ரல் 9. புளூடர் 2024 மே 13. எல்லாம் சீசன் முடிந்தபின், கோடை விடுமுறைக்கு முன். பிளேர் போல, சீசன் தொடங்கும் முன்பே அக்டோபரில் "இதுதான் என் கடைசி வருடம்" என்று சொல்பவர்கள் குறைவு. நார்த்வெஸ்டர்னின் ஜோ மெக்கியோனும் 2025-26 தான் தன் கடைசி சீசன் என்று முன்கூட்டியே அறிவித்தார். முன்பே சொன்னால் அந்த ஒரு வருடம் புது மாணவிகளைப் பிடிப்பது கஷ்டம். அதனால்தான் பலரும் வாயைத் திறப்பதில்லை.

இதில் உங்களுக்கு என்ன? உங்கள் மகள் கையெழுத்துப் போடுவது 2026 நவம்பரில். அவள் வளாகத்துக்குள் நுழைவதற்குள் இரண்டு ஏப்ரல் வருகிறது. 2026 ஏப்ரல் கையெழுத்துக்கு முன்பு, அது பிரச்சினை இல்லை. 2027 ஏப்ரல்தான் ஆபத்தானது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, ஆனால் இன்னும் சேரவில்லை. மற்ற கல்லூரிகளில் இடம் நிரம்பிவிட்டது. 'கோச் போகிறார்' என்ற செய்தி அந்த நேரத்தில் வந்தால் கையில் பிடிமானம் குறைவு. ஆகவே 2026 ஏப்ரல், மே தாண்டும் வரை வாய்வார்த்தையாகக்கூட "சரி" சொல்லிவிடாதீர்கள். இரண்டாவதாக நிற்கும் கல்லூரியோடு பேச்சை அறுத்துவிடவும் வேண்டாம்.

அந்தக் காத்திருப்பு நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, ஒப்பந்தத்தை வாங்கிப் படிப்பது. மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அது பொது ஆவணம். கல்லூரி டெக்சாஸிலேயே இருந்தால், அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. "மகளிர் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளரின் பணி ஒப்பந்தமும் இன்றுவரையிலான எல்லாத் திருத்தங்களும்" என்று எழுதுங்கள். 'திருத்தங்களும்' என்ற சொல் விட்டுப்போனால் பழைய மூல ஒப்பந்தம் மட்டும் வந்து சேரும், பலர் ஏமாறுவது இங்கேதான். இரண்டாம் இடத்தில் இருக்கும் இணைத் தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள். உடனே தர முடியாவிட்டால் பத்து வேலை நாட்களுக்குள், எப்போது தருவோம் என்றாவது பதில் சொல்ல வேண்டும். டென்னசி, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநிலத்தவருக்கே இந்த உரிமையைத் தருகின்றன. அங்கே இருக்கும் உறவினரோ நண்பரோ கேட்கலாம். தனியார் கல்லூரி என்றால் இந்த வழி கிடையாது. வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் 990 படிவத்தில் அதிகச் சம்பளக்காரர்களின் தொகை மட்டும் தெரியும், ஷரத்துகள் தெரியாது.

ஒப்பந்தம் வந்ததும் சம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம், அதில் உங்களுக்கு எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது தலைமைப் பயிற்சியாளர் தானாக விலகினால் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை. அது ஒவ்வொரு ஏப்ரலிலும் எவ்வளவு குறைகிறது, ஓய்வு பெற்றால் தள்ளுபடியா என்று தேடுங்கள். வேறு கல்லூரிக்குப் போனால் பெருந்தொகை, ஓய்வு என்றால் பூஜ்யம் என்று எழுதியிருந்தால், இவர் இங்கிருந்து நேராக வீட்டுக்குத்தான் போவார் என்று இரு தரப்பும் நினைக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, குறிப்பிட்ட தேதி வரை பணியில் இருந்தால் மொத்தமாகக் கிடைக்கும் தொகை ஏதும் உண்டா? அந்தத் தேதிக்கு அடுத்த மாதங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மூன்றாவது, பயிற்சியிலிருந்து விலகியபின் ஆலோசகராகத் தொடரலாம் என்ற ஷரத்து. இது புதிதாக ஒரு திருத்தத்தில் சேர்ந்திருந்தால், அந்தப் பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வான்டர்வீரும் ஸ்டான்ஃபர்டில் ஆலோசனைப் பொறுப்பில் தொடர்வார் என்றுதான் அறிவிப்பு வந்தது.

ஆனால் ஒப்பந்தத்தைவிட அதிகம் பேசுவது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். புளூடர் விலகிய அன்றே ஜான் ஜென்சன் நியமிக்கப்பட்டார். டிரேக் கல்லூரிக் காலத்திலிருந்தே புளூடரோடு இருந்தவர் அவர். மெக்ராவுக்குப் பின் அவரிடமே ஆடி, உதவிப் பயிற்சியாளராகவும் இருந்த நீல் ஐவி. வான்டர்வீருக்குப் பின் அதேபோல கேட் பே. ஆக, உங்கள் கோச்சுக்குக் கீழே பத்து, பதினைந்து வருடமாக ஒருவர் இருந்து, வெளியிலிருந்து வந்த தலைமை வாய்ப்புகளை ஏற்காமல் காத்திருந்தால், பட்டம் யாருக்குப் போகும் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவர் திடீரென வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், இங்கே இடம் சீக்கிரம் காலியாகாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கலாம், அல்லது அடுத்தவர் நீங்களில்லை என்று சொல்லப்பட்டிருக்கலாம். இரண்டில் எது என்பதை அவருக்குப் பதிலாக யாரை எடுக்கிறார்கள் என்பது காட்டிவிடும்.

உள்ளிருந்தே ஒருவர் வந்தால் எல்லாம் பழையபடி ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். டென்னசியில் சம்மிட்டுக்குப் பின் ஹாலி வார்லிக் வந்தார், 27 வருடம் அவருக்கு உதவியாக இருந்தவர். 2019-ல் நீக்கப்பட்டார். அடுத்து வந்த கெல்லி ஹார்ப்பர் 2024-ல் நீக்கப்பட்டார். பிறகு வெளியிலிருந்து வந்த கிம் கால்டுவெல், மைதானம் முழுக்க நெருக்கும் தடுப்பாட்டத்தையும் ஐந்து ஐந்து பேராக ஆட்களை மாற்றும் முறையையும் கொண்டுவந்தார். உங்கள் மகள் பாயின்ட் கார்டு என்பதால் இது அவளை நேராகத் தொடும். ஆட்டம் முழுக்கப் பந்தைக் கையில் வைத்து நடத்தும் பெண், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெஞ்சுக்குத் திரும்பும் முறைக்குள் மாட்டிக்கொள்ளலாம். ஸ்டான்ஃபர்டும் வான்டர்வீர் போன அடுத்த சீசனில் 16-15 என்று முடித்து, 36 வருடம் தொடர்ந்து இடம்பெற்ற தேசியப் போட்டியைத் தவறவிட்டது. அதே நேரம் அந்தக் கல்லூரி லீகும் மாறியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேறு கல்லூரிக்குத் தாவுவாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 65 வயதில், 24 வருடம் கழித்து, அநேகமாக மாட்டார். அந்த அளவு வேரோடியவர்களைப் பிடுங்கி எடுப்பது சொந்த மண்தான். பேய்லரில் 21 வருடம் இருந்து மூன்று பட்டங்கள் வென்ற கிம் மல்கி, 2021-ல் லூசியானா மாநிலத்துப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வுக்குப் போனார். அவர் லூசியானாக்காரர். ஆஸ்டினில் பிறந்த விக் ஷேஃபர், 2020-ல் மிசிசிப்பி ஸ்டேட்டை விட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இருவரும் அப்போது அறுபதைத் தாண்டியிருக்கவில்லை. எனவே உங்கள் கோச் எங்கே பிறந்தார், எங்கே படித்தார் என்று பாருங்கள். அங்கே இடம் காலியானால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

சரி, போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணி மாணவிகளுக்கு மட்டும் தனியாக ஒரு மாற்றச் சாளரம், அதாவது வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுக்கும் காலம், திறக்கும். புளூடர் அறிவித்த 2024 மே 13-க்குள் பொதுச் சாளரம் மூடிப் பன்னிரண்டு நாளாகியிருந்தது, ஆனால் அயோவாப் பெண்களுக்கு அன்றைய விதிப்படி 30 நாள் தனியாகக் கிடைத்தது. கதவு திறந்திருந்தாலும் அந்த நேரத்தில் மற்ற கல்லூரிகளில் இடமும் பணமும் தீர்ந்திருக்கும். ஏப்ரல் 9 அன்றே வான்டர்வீர் சொல்லிவிட்டதால், ஸ்டான்ஃபர்டு வீராங்கனை கிகி இரியாஃபென் அதே மாதம் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாற முடிந்தது. சாளரத்தின் நாட்கணக்கை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அடிக்கடி மாற்றுகிறது. கையெழுத்துப் போடும் வாரத்தில் நடப்பில் இருக்கும் விதியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று உறுதி சொல்லி முன்பெல்லாம் கையெழுத்துப் போடும் தேசிய விருப்பக் கடிதம் 2024 அக்டோபரில் ரத்தாகிவிட்டது. இப்போது நீங்கள் கையெழுத்திடுவது நிதியுதவி ஒப்பந்தம். அதில் ஒரு வருடமா, நான்கு வருடமா என்று பாருங்கள். உதவித்தொகை ஓடும் காலத்துக்குள் ஆட்டத்திறன் போதவில்லை என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. ஆகவே ஒரு வருடக் காகிதத்துக்கும் நான்கு வருடக் காகிதத்துக்கும் வித்தியாசம் மலையும் மடுவும். நான்கு வருடமாகக் கேளுங்கள். "சேர்வதற்கு முன் தலைமைப் பயிற்சியாளர் மாறினால், கேட்டவுடன் விடுவிப்போம்" என்று ஒரு வரி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மறுக்கிறார்கள் என்பதாவது தெரிந்துவிடும். 2025 ஜூலை முதல் பல கல்லூரிகள் விளையாட்டு வருவாயில் ஆடுபவர்களுக்கு நேரடிப் பங்கும் தருகின்றன. அதற்குத் தனி ஒப்பந்தம் இருந்தால், விளையாட்டு ஒப்பந்தங்கள் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம். கல்லூரி மாறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

படிப்பை மறந்துவிடாதீர்கள், நம் வீடுகளில் மறக்க மாட்டோம் என்றாலும். 2024 ஏப்ரலுக்குப் பின், படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதமும், நான்காம் வருடம் தொடங்கும்போது 60 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். பொறியியல் எடுத்தவள் இரண்டாம் வருடம் முடிந்து மாறினால், புதுக் கல்லூரி பாதிப் பாடங்களைக் கழித்துவிட்டு, அங்கே ஆடும் தகுதியே சிக்கலாகலாம். முதல் இரண்டு வருடம், எந்தக் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும் கணிதம், இயற்பியல், வேதியியல் பாடங்களை முன்னால் முடித்துவிடுவது நல்லது.

கடைசியாக, நேரில் பார்க்கப் போகும்போது வயதைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம், இந்தக் கேள்விக்கு அவர்கள் பழகியவர்கள். ஆனால் "எப்போது ஓய்வு?" என்று கேட்டால் "நான் எங்கேயும் போகவில்லை" என்ற மனப்பாடப் பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "2030-31-ல் இவளுக்குக் கடைசி வருடம். அப்போது இந்த அணியை யார் நடத்திக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" வாக்குக் கொடுக்காமல், ஒரு பெயரைச் சொல்லி, அவரை அறைக்குள் கூப்பிட்டு உங்கள் மகளோடு அரை மணி நேரம் பேசவிடும் கோச் கிடைத்தால், அந்த அரை மணி நேரத்தை மகளே நடத்தட்டும். நீங்கள் இருவரும் வெளியே காத்திருங்கள்.