கண்ணீருக்கு எத்தனை எபிசோடு?

மும்பை மாட்டுங்காவில் வசித்துக்கொண்டு இந்தித் தொடர்களுக்கு வசனம் எழுதிவரும் எழுத்தாளர், இந்த இதழில் மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

பெண்ணியம் பேசும் நீங்கள், மருமகள்கள் ஓயாமல் அழும் தொடர்களுக்கு எழுதுவது முரண் இல்லையா?
– வாசகி, செம்பூர்

முரண்தான், ஆனால் அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1985இல் தூர்தர்ஷனில் வந்த ‘ரஜனி’யில் பிரியா தெண்டுல்கர் ஏற்ற இல்லத்தரசி, வாரம் ஒரு பொதுப் பிரச்சினையோடு மல்லுக்கு நிற்பாள். 1989இல் கவிதா சௌத்ரி தாமே எழுதி, இயக்கி, நடித்த ‘உடான்’, காவல்துறை அதிகாரியான தம் சகோதரி காஞ்சன் சௌத்ரியின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அந்தச் சகோதரி பின்னர் 2004இல் உத்தராகண்டில், ஒரு மாநிலக் காவல்துறையின் தலைமை இயக்குநரான முதல் இந்தியப் பெண் ஆனார். அவை வாரத் தொடர்கள். கதை ஓரிடத்தில் முடியும். நாயகி ஓரிடத்துக்குப் போய்ச் சேரலாம். 2000இல் தொடங்கிய ‘கியூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ எட்டு ஆண்டுகள் ஓடியபின், முடிவில்லாத தினத்தொடரே வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட கதையில் ஒரு பெண்ணின் சிக்கல் தீர்ந்துவிட்டால் மறுநாள் படமாக்க ஒன்றும் இருக்காது என்பதால், அவள் துன்பத்தைத் தீர்க்காமல் நீட்டுவதே எங்களுக்குச் சோறு போடுகிறது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதற்குள் உங்களால் எதையாவது மாற்ற முடிந்ததா?
– வாசகர், தாராவி

கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரித்து எழுதும் தொழில் இது. காட்சி என்னிடம் வரும்போது கணவன் அறைவது முடிவாகியிருக்கும். ஒருமுறை, அறை வாங்கியவளே அடுத்த காட்சியில் மன்னிப்புக் கேட்பதாக இருந்தது. நான் அந்த மன்னிப்பை எழுதாமல், மாமியாரின் பீரோவில் இருக்கும் தன் வங்கி பாஸ்புக்கை அவள் கேட்டு வாங்குவதாக எழுதி அனுப்பினேன். டிஆர்பி விழுந்துவிடும் என்று சேனலில் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் செட்டில் நடிகர்கள் காத்திருந்தார்கள், மாற்றி எழுத நேரமில்லை, அதுவே படமானது. வென்றது என் கொள்கை இல்லை, அன்றைய கால்ஷீட். இரண்டே வாரத்தில் பாஸ்புக் பழையபடி பீரோவுக்குப் போய்விட்டது. அதை அங்கே திரும்ப வைக்கும் வசனத்தையும் நான்தான் எழுதினேன்.

என் மகள் தொடர்களுக்கு எழுத விரும்புகிறாள். எங்கே தொடங்கலாம்?
– வாசகி, வாஷி

தொடர்களைப் பார்த்துத் தொடங்க வேண்டாம். அங்கே எல்லாப் பெண்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். நம் எழுத்தாளர் அம்பை 1988இல் வேறு சிலருடன் சேர்ந்து மும்பையில் நிறுவிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தில், பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொன்ன வாய்மொழிப் பதிவுகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அனுமதி பெற்றுச் சிலவற்றையாவது அவள் கேட்கட்டும். ஒருத்தி எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறாள், எதைச் சொல்ல வந்து வேறொன்றைச் சொல்கிறாள் என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு காட்சியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், படித்துப் பார்க்கிறேன். அதில் மன்னிப்புக் கேட்கும் மருமகள் மட்டும் வேண்டாம். அதற்கு இங்கே ஏற்கெனவே நான் இருக்கிறேன்.