கிளிக் சத்தம் மைக்கில் விழுவது ஏன்?

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிக்குடியில் வீட்டு அறையொன்றில் ஒலிப்பதிவு தொடங்கியிருக்கிறேன். பாட்டுக் கேட்க வாங்கிய சென்ஹைசர் எச்டி 600ஐப் பாடகருக்கு மாட்டிக் கண்ணகை அம்மன் பாட்டொன்று பதிந்தேன். தாளம் பிசகாமலிருக்க ஹெட்போனில் ஓடவிட்ட 'டிக் டிக்' கிளிக்கும் குரலோடு கேட்கிறது. இவ்வளவு விலை கொடுத்த ஹெட்போன் பழுதா? பதிந்தவற்றை அளவு பார்த்துக் கலக்கும் மிக்ஸையும் இதிலேயே செய்யலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

பழுதில்லை. எச்டி 600இன் காதுக்கூட்டுக்கு வெளிப்புறம் கம்பிவலைதான். உள்ளே சவ்வு அதிரும்போது காதுக்குப் போகிற அளவு சத்தம் அறைக்குள்ளும் போகும். பாட்டு விசாலமாகக் கேட்பது அந்தத் திறப்பால்தான். ஆனால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிற கண்டென்சர் மைக்குக்கு அதுவே வினை. பல்லவி முடிந்து பாடகர் மூச்செடுக்கிற இடத்தில் 'டிக் டிக்' துலக்கமாக விழும். ஒலியின் கீச்சு, கனம் ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் வெட்டப் போனால் குரலின் ச, த எழுத்துகளும் சேர்ந்து மழுங்கும்.

பாடுகிறவருக்கு, கூட்டின் வெளிப்புறம் அடைத்த மூடிய ஹெட்போன் கொடுங்கள். சோனி எம்டிஆர் 7506 போதும். பேயர்டைனமிக் டிடி 770 வாங்குவதென்றால் 80 ஓம் மின்தடை வகையைக் கேளுங்கள். 250 ஓம் என்றால் மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேசில் சத்தம் பத்தாமல் குமிழை முட்டத் திருகுவீர்கள், ஒலி உடையும். புளூடூத் வேண்டவே வேண்டாம். தாமதத்தில் பாடகர் தாளத்துக்குப் பின்னால் இழுபடுவார்.

மூடியதிலும் சத்தம் ஒழுகும். சுருதி பிடிக்கப் பலர் ஒரு காதைத் திறந்துவிடுவார்கள். அப்படியென்றால் கிளிக்கை மூடிய காதுக்கு மட்டும் போகும்படி பான் செய்து, மற்றக் கூட்டைத் தலையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். உடுக்கை முதலில் பதிந்து அதைக் கேட்டுப் பாட வைத்தால் இன்னும் நல்லது. ஒழுகினாலும் பாட்டின் தாளத்தோடு கரைந்துவிடும். கடைசி வரி முடியுமுன் கிளிக்கை நிறுத்திவிடுங்கள்.

மிக்ஸுக்கு எச்டி 600 நல்ல துணைதான், அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்பீக்கரில் இடப்பக்கச் சத்தம் இரண்டு காதுக்கும் வரும். ஹெட்போனில் இடக்காதுக்கு மட்டும். அதனால் பக்கம் பிரித்தது மிகையாகத் தெரியும், ரிவெர்ப் எனும் அறை எதிரொலியின் அளவு பிசகும். மத்தளத்தின் அடி நெஞ்சில் படாது, காதில் மட்டும் கேட்கும். பேஸைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை ஸ்பீக்கரில் முடிவெடுத்து, பிறகு ஒரு ஓட்டோவிலும் போட்டுக் கேளுங்கள்.

புதியதை வாங்குமுன் கடையிலோ நண்பரிடமோ மூடியது ஒன்றை இரவல் எடுங்கள். பாடகர் அதை மாட்டி மைக் முன் வாய் மூடி நிற்க, கிளிக்கை ஓடவிட்டு ஒரு நிமிடம் பதியுங்கள். பிறகு எச்டி 600ஐ மாட்டி, கேட்கும் அளவு மாறாமல் இன்னொரு நிமிடம்.