கர்ப்பமா என்று பார்க்கும் ரத்த டெஸ்டில் பீட்டா எச்.சி.ஜி. 200 என்று வந்தால் நல்லதா, கெட்டதா?

கரு கருப்பையில் ஒட்டியதும், நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் சுரக்கும் ஹார்மோன்தான் எச்.சி.ஜி. பொதுவாக 5-க்குக் கீழே என்றால் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேல் என்றால் உண்டு. நடுவில் வந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கவேண்டும்.

மும்பை தாதரில் ஒரு லோக்கல் ரயிலை ஃபோட்டோ எடுத்தால் அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரியாது. ஒற்றை எண்ணும் அப்படித்தான். ஆரம்ப வாரங்களில் 48 மணி நேரத்தில் சுமார் பாதியாவது கூடவேண்டும்: 200 என்றால் 300 பக்கம். மந்தமாக ஏறினால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம், கலைந்துகொண்டும் இருக்கலாம். அதனால்தான் டாக்டர் ஸ்கேன் எழுதுகிறார். ஒரு பக்க வயிற்றுவலி, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முதல் டெஸ்ட் மாட்டுங்காவில், அடுத்தது செம்பூரில் என்று லேபை மாற்றாதீர்கள். டெஸ்ட் செய்யும் கிட் மாறினால் எண்ணும் மாறும்.

எண் அதிகம் என்றாலே இரட்டைக் குழந்தை என்பார்கள். அதை ஸ்கேன்தான் சொல்லும்.