தங்கத்தைக் கரைக்கும் நஞ்சும் தங்கத்தைப் பிடிக்கும் சிரட்டையும்

கேள்வி: தங்கம் இராசதிராவகத்தில் (நைத்திரிக், ஐதரோகுளோரிக் அமிலங்களின் கலவை) மட்டுமே கரையும் என்று பாடசாலையில் படித்தோம். அப்படியிருக்க, சுரங்கங்களில் சயனைட்டுக் கரைசலால் தங்கம் எடுப்பது எவ்வாறு? என் தந்தையின் நகைப் பட்டறைத் தூசியில் இதைச் செய்து பார்க்கலாமா?
– வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: நீங்கள் படித்தது அமிலங்களுக்குப் பொருந்தும். சயனைட்டோ தங்க அணுவைப் பற்றிக்கொண்டு நீரில் கரையும் சேர்மமாக மாற்றிவிடுகிறது. இதற்கு ஒட்சிசனும் வேண்டுமாகையால், அரைத்த தாதுக் குழம்பினுள் காற்றை ஊதியபடியே கலக்குவார்கள். 1887 இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபொரஸ்ட் சகோதரர்களும் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றனர். தொன் ஒன்றுக்கு 2 கிராம் தங்கமே உள்ள தாதுவிலும் இன்று இலாபம் காண முடிவது இதனால்தான். நம் கணக்கில் ஒரு பவுண் 8 கிராம். அந்த ஒரு பவுணுக்கு 4 தொன் கல்லை அரைக்க வேண்டும்.

கரைந்த தங்கத்தை மீட்க முன்பு நாகத் தூளை இட்டார்கள். இப்போது பல ஆலைகளில் அந்த வேலையைச் செய்வது, நாம் துருவியபின் அடுப்படியில் போடுகிறோமே, அந்தத் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டைக்கரியை உயர் வெப்பத்தில் நீராவியால் செயற்படுத்தும்போது அதில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. தங்கச் சேர்மம் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. கரி பொடிந்தால் அதிலுள்ள தங்கமும் கழிவோடு போய்விடும் என்பதால், குழம்பில் உரசுண்டாலும் எளிதில் தேயாத இதன் வன்மையே பெரிதாக மதிக்கப்படுகிறது. இலங்கையும் இக்கரியை ஏற்றுமதி செய்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பின்னர் சூடான காரக் கரைசலால் தங்கத்தைக் கரியிலிருந்து கழற்றி, மின்பகுப்பால் உருக்குக் கம்பளியில் படியவைத்து உருக்குவார்கள்.

ஆபத்தும் சிறிதல்ல. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் கழிவுத் தேக்கத்தின் அணை உடைந்து, ஏறத்தாழ 1,00,000 கன மீற்றர் சயனைட்டுக் கழிவுநீர் ஆறுகளில் கலந்ததால் டிசா ஆற்றில் மீன்கள் பெருமளவில் மடிந்தன.

பட்டறையில் செய்து பார்க்கவே வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஆலைகளில் சுண்ணாம்பு இட்டுக் கரைசலின் பீ.எச். பெறுமானத்தை 10 இற்கு மேல், அதாவது நல்ல காரத்தன்மையில், வைத்திருப்பதற்குக் காரணம், அமிலம் பட்டவுடன் சயனைட்டிலிருந்து ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய வாயு எழுவதே. அதன் மணத்தைச் சிலரால் உணரவே இயலாது. தந்தையார் பொன்னைச் சோதிக்கவும் மெருகேற்றவும் வைத்திருக்கும் அமிலப் போத்தல்கள், நீங்கள் சயனைட்டை வைக்க நினைக்கும் அதே மேசையில்தானே இருக்கும்? தூசியைச் சேர்த்துவைத்து, உரிய அனுமதியுடன் தங்கம் சுத்திகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.